பாப்பாவின் வாய் அச்சு

ஸ்பிரிங்வெளி,
ஆடி மாசம், 1974

பாப்பாவோட அப்பாவுக்கு,

தந்தி கிடைச்சிருக்கும். பாப்பா அடக்கத்துக்கு நம்ம லயத்து வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் வந்தாங்க. கொழும்புல இருந்து உங்களுக்கு ரயில் கிடைக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

இன்னைக்குப் பதுளைக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்த்தேன். குடிக்கிற பால் மூக்கு வழியா வராம அண்ணத்து ஓட்டையை மூட, பாப்பாவுக்குத் தகடு செஞ்சு வச்சிருந்தாரு. நான் வெறுங்கையோட உள்ள போனதுமே அவருக்குப் புரிஞ்சிருச்சு. "நெஞ்சுச் சளியா?"ன்னு மட்டும் கேட்டாரு.

போன வாரம் அவரு பாப்பா வாய்க்குள்ள மெழுகு மாதிரி ஒண்ண அமுக்கி அளவு எடுத்தப்போ வீறிட்டு அழுதா. "அழட்டும்மா, அழுதாத்தான் மூச்சு அடைக்கலன்னு தெரியும்"னாரு. அவ அழ அழ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

தகடு வேணாம்னுட்டேன். அந்த அளவை வச்சு கல்லா இறுகுற வெள்ளை மாவுல வார்த்த வாய் அச்சை மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

பிளந்த உதட்டைத் தைச்ச பிறகு போட்டோ எடுப்போம், இந்த முகத்தோட வேணாம்னு சொன்னீங்க. நானும் சரின்னேன். இப்ப உங்களுக்குக் காட்ட வேற எதுவும் இல்ல. உங்க வேட்டிக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். வந்தா விரலால தடவிப் பாருங்க. பிளவு அப்படியே இருக்கு.

அழும்போது எடுத்தது. வாய் நல்லா தெறந்திருக்கு.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா