தன்யா திரும்பிப் பார்க்கும் மூலை

என் மஞ்சுக் கண்ணுக்கு,

உன் மகள் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதையும் நீ காதில் வாங்கமாட்டாய். அப்பளம் உடைந்திருந்தால் இன்னமும் தொடமாட்டாள். செருப்பு மாட்டினால் இடது கால்தான் முதலில். எல்லாம் நீ பழக்கியபடியே நடக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆனால் ஆஸ்டின் டவுனிலிருந்து லிங்கராஜபுரத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறோம். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஷோபா மேடம், மாடி அறையில் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார். நான் வெளியே, செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போகமாட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

முதல் நாள் நடந்ததை நான் மறக்கவில்லை. தன்யா டப்பா மூடி ஒன்றைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நீ ஆசையாக, "தன்யா, அம்மாவப் பாரு, இது என்ன கலரு?" என்றாய். உடனே அந்த அம்மாள், "எதுவும் கேக்காதீங்க. ஸ்வல்ப நேரம் அந்த மூலையில உக்காருங்க. அவளா வரட்டும்" என்றார். பெற்றவளை மூலையில் உட்காரவைத்துவிட்டு, தானும் ஒரு மூடியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். குழந்தை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். குழந்தை சுற்றினால் அவரும் சுற்றுவார்.

படியிறங்கும்போது உன்னைக் கேட்டேன். "என்னடி இது, புள்ளைய பேச வைப்பாங்கன்னு கூட்டியாந்தா, இந்தம்மாவே பேச மறந்துட்டாங்க?"

நீ சிரித்தாய். "சும்மா இரும்மா. உனக்கு அவங்க மேல காண்டு."

காண்டுதான். இன்றைக்கும் இருக்கிறது. "போனையே பாத்துக்கிட்டு இருந்தா புள்ள இப்படித்தான் பொறக்கும்" என்று உன் மாமியார் பந்தியில் வைத்துச் சொன்னதையும் நான் விடவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டு சாம்பாரில் உப்பு அதிகம் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் மனசை அறுப்பது அதெல்லாம் இல்லை. பீன்யா கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்த ஒருநாள், திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாயே, அதுதான். "அம்மா, நான் இல்லன்னா இவளுக்குத் தெரியுமா? நானும் இந்த சீட்டும் இவளுக்கு ஒண்ணுதானா?" மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது, பதில் கிடைக்காத அந்தக் கேள்வியும் உன்னோடுதான் போனது.

இப்போது கேள்.

அறையில் கேமரா வைக்கலாமென்று நீதானே சம்மதம் கொடுத்தாய்? அந்தப் படங்களை நந்தினி என்ற காலேஜ் பெண் ஆராய்ச்சிக்காகப் பார்க்கிறாள். மேடம் என்ன செய்தால் குழந்தை என்ன செய்கிறது, எவ்வளவு காத்திருந்தால் தானாகக் கை நீட்டுகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். கன்னடக்காரி. தமிழும் நன்றாகவே பேசுகிறாள், பாட்டியை மட்டும் அஜ்ஜி என்பாள். போன வாரம் என்னிடம் வந்து, "அஜ்ஜி, ஒண்ணு கேக்கணும், உள்ள வர்றீங்களா?" என்றாள். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைத் திருப்பினாள்.

நடுவில் மேடமும் தன்யாவும். ஓரத்தில், பாதியில் வெட்டுப்பட்டு, ஒரு முழங்கால். உன் மெரூன் சுடிதார். முழங்காலின்மேல் உன் கை, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருக்கிறது. முகம் விழவில்லை, மஞ்சு. எனக்கு அந்தக் கை போதாதா?

"இங்க யாரு இருந்தாங்க அஜ்ஜி?"

"என் பொண்ணு."

அவள் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். பிறகு, "மேடம் சும்மா காத்திருக்காங்கல்ல, அப்போ தன்யாவப் பாருங்க" என்றாள்.

மூடி சுற்றி விழுந்தது. தன்யா திரும்பினாள். மேடத்தின் பக்கம் இல்லை, உன் பக்கம். பார்த்தாள், சிரித்தாள், மறுபடி மூடியை எடுத்தாள்.

"ஒரு தடவைன்னா விட்டிருப்பேன். இவ அடிக்கடி பாக்குறா அஜ்ஜி. அவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுகிட்டுத்தான் மறுபடி ஆடுறா."

நீ ஏனடி இதைப் பார்க்கவில்லை? எதுவும் கேட்காதே என்றதை, பார்க்கவும் கூடாதென்று எடுத்துக்கொண்டாயே! "நான் பாத்தா அவளுக்குத் தொந்தரவாயிடும்மா, அதான் குனிஞ்சே இருக்கேன்" என்று என்னிடமே சொன்னாயே. உன் குழந்தை உன்னைத் தேடித்தேடிப் பார்த்தபோதெல்லாம் நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாயா?

இன்னொரு படத்தையும் போட்டாள், போடலாமா என்று என்னைக் கேட்டுவிட்டு. நீ போன பிறகு எடுத்தது. அந்த மூலையில் வெறும் பாய். மூடி விழுந்ததும் தன்யா திரும்பினாள். முன்னைவிட நீளமாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மூடியை எடுக்கவுமில்லை.

ஷோபா மேடம் எப்போது வந்தாரோ, பின்னால் நின்றிருந்தார். "என் கண்ணெல்லாம் அவ கைமேலயே இருந்துச்சு. இத அப்பவே பாத்திருந்தா மஞ்சுகிட்ட சொல்லியிருப்பேன்" என்றார்.

"இப்ப சொல்லி யாருக்கு?" என்றேன்.

"நீங்களாவது உள்ள வந்து உக்காருங்க அஜ்ஜி."

பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆனால் வீடுவரை அதே யோசனைதான். உன்னை எதிர்பார்த்துத் திரும்புகிறவளுக்கு இந்தக் கிழட்டு முகத்தைக் காட்டினால் ஏமாந்துவிடமாட்டாளா? வெறும் பாயைப் பார்ப்பதைவிட அது மேலா, மோசமா? உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

வருகிற செவ்வாய்க்கிழமை உள்ளே போகிறேன், கண்ணு. அந்த அம்மாளோடு பேசமாட்டேன், அது வேறு. உன் பாயில் உட்காரமாட்டேன், பக்கத்தில் உட்காருவேன். தன்யாவின் பார்வை என்மேல் நின்றாலும் சரி, என்னைத் தாண்டி உன்னைத் தேடிப் போனாலும் சரி, நான் குனியமாட்டேன். அவள் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைப் பெற்றவள்,
உன் மகளுக்கு ஆயா,
சரோஜா