இடது தோளில் எண்ணெய்க் கறை

இன்று காலை பீரோவிலிருந்து சந்தன நிறப் புடவையை எடுத்து உதறினேன். இடது தோளில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறை. உங்கள் தலை சாய்ந்த இடம். முகர்ந்து பார்த்தேன். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய், பீரோவுக்குள் கிடந்து சிக்கு வாடையாகியிருந்தது. அடுத்த புடவையை எடுத்தேன். அதிலும் அதே இடம். ஆலயத்துக்குக் கட்டுகிற புடவையில் ஒன்றையாவது விட்டு வைத்தீர்களா நீங்கள்?

பனியன் கம்பெனியில் எனக்கு வேலையே கறையைக் கண்டுபிடிப்பதுதான். பனியனில் கடுகளவு அழுக்கு இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் இத்தனை வருடம் இந்தக் கறையை முந்தானையால் மூடிக்கொண்டு கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்திருக்கிறேன்.

தெற்கே நாசரேத் பக்கம் நம் ஊர் ஆலயத்தில் என்றால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கே உங்கள் ஜம்பம் பலித்திருக்காது. திருப்பூருக்குப் பிழைக்க வந்த பிறகுதான் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கிடைத்தது. போதகர் பிரசங்கத்துக்கு எழுந்து நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலே உங்களுக்குத் தாலாட்டு. தலை மெதுவாக என் தோளுக்கு வந்துவிடும். தொடையில் கிள்ளுவேன். அசைய மாட்டீர்கள்.

"பிரசங்கம் கேக்க வாரியளா, தூங்க வாரியளா?" என்று ஒருநாள் வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, வீட்ல படுத்தா நாந்தான் முழிச்சிக் கெடக்கணும். இங்க முழிச்சிருக்க ஆளு இருக்கு" என்றீர்கள், சிரிக்காமல்.

நீங்கள் சொன்னது பொய் இல்லை. கட்டிங் மாஸ்டர் பிழைப்பு அப்படி. அடுக்கடுக்காக விரித்த துணியில் கத்தி ஒரு நூல் விலகினால் மேலிருந்து கீழ்வரை அத்தனையும் வீண். வெட்டியதை ஒட்ட முடியாது. அந்தப் பயம் வீட்டுக்கும் கூடவே வரும். பாயில் படுத்துக் கண்ணை மூடினாலும் வலது கை மட்டும் துணியைத் தடவிக்கொண்டே இருக்கும். நானே அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். போனில் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். வாரம் முழுக்க அலைந்த அந்தக் கை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மட்டும் மடியில் சும்மா கிடக்கும்.

போதகரம்மாதான் உங்களை அதிகம் கிண்டல் செய்தவர். "அண்ணாச்சி கொறட்ட ஆரம்பிச்சிட்டுன்னா பிரசங்கம் பாதி முடிஞ்சிட்டுன்னு கணக்கு. நான் வீட்ல சோறு வைக்கத பத்தி யோசிக்க ஆரம்பிச்சிருவேன்" என்பார். போதகர் காதிலும் விழும். அவரும் சிரிப்பார். எனக்கு மட்டும்தான் மானம் போகும்.

அப்புறம் அந்த மத்தியானம் வந்தது. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டீர்கள். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குக் கோபம். உங்கள் மேல் இல்லை, கர்த்தர் மேல். முழித்திருக்க ஆள் இருக்கிறது என்றீர்களே, அந்த ஆள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்? அடக்க ஆராதனையில் எல்லோரும் இளைப்பாறுதல், இளைப்பாறுதல் என்று பாடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குப் போகத் தொடங்கினேன். அந்தப் பெஞ்சில் தனியாக உட்காருவதற்கு, டியூப் லைட் வெளிச்சத்தில் பனியனைப் புரட்டிக்கொண்டிருப்பது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. சூப்பர்வைசருக்கும் சௌகரியம். "ஏனுங்கக்கா, இந்த ஞாயித்துக்கெழமையும் வந்துருங்க, ஷிப்மெண்ட் இருக்குதுங்க" என்பார். வருவேன். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. வீட்டு வாடகை, சிலிண்டர், கதவு பூட்டினேனா இல்லையா, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் முழித்திருக்க வேண்டும். உங்கள் கை செய்ததை இப்போது என் கை செய்கிறது. பாயில் படுத்துக்கொண்டு இல்லாத பனியனைப் புரட்டுகிறேன்.

நேற்று ஒரு காரியம் நடந்தது. நான் பாஸ் பண்ணிய கட்டுக்குள்ளிருந்து சூப்பர்வைசர் ஒரு பனியனை உருவிக் காட்டினார். நெஞ்சுக்கு நேராகக் கருப்பு மெஷின் ஆயில், ரூபாய்க் காசு அகலம். குருடிகூடப் பார்த்துவிடுவாள். நான் பார்க்கவில்லை. அவர் திட்டவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, நீங்க தூங்கறீங்களா இல்லீங்களா?"

பனியனை வாங்கி அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினேன்.

"நாளைக்கு வர வேண்டாமுங்க. ஊட்ல இருங்க" என்றார்.

வீட்டில் இருந்து என்ன செய்வது? அதனால்தான் இன்று பீரோவைத் திறந்தேன். அதனால்தான் கறை கண்ணில் பட்டது. அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு கிளம்பினேன். முந்தானையால் மூடவில்லை.

நம் பெஞ்சில் உங்கள் இடம் காலியாகத்தான் இருந்தது. யாரும் உட்காரவில்லை. பாட்டு வந்தது, ஜெபம் வந்தது, எதுவும் எனக்குள் இறங்கவில்லை. சண்டைக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவள் மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதகர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் இடது தோள் தானாகவே தாழ்ந்து கொடுத்தது. ஒருவரும் வந்து சாயவில்லை. அங்கேதான் நான் உடைந்துபோனேன். வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன்.

முன் வரிசையிலிருந்து போதகரம்மா எழுந்து வந்தார். உங்கள் இடத்தில் உட்கார்ந்து, என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது ஆலயம் காலியாக இருந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். போதகர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, சாவியோடு சத்தம் போடாமல் நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"எழுப்பக் கூடாதா?"

"எழுப்ப மனசு வரலக்கா" என்றார் போதகரம்மா, மரத்துப்போன கையை உதறிக்கொண்டே. "நீங்களும் கொறட்ட விடுதிய. அண்ணாச்சி அளவுக்கு இல்ல."

அவர் எழுந்தபோது பார்த்தேன். வெளிர் நீலப் புடவை, தோளில் பளிச்சென்று எண்ணெய். என் தலை எண்ணெய். பழக்கதோஷத்தில் விரல் ஸ்டிக்கர் தேடியது.

அந்த மத்தியானத்துக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கோபமும் போகவில்லை. கேட்க வேண்டியதைக் கர்த்தரிடம் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இன்று அவ்வளவு நேரம் வாடகையையும் பூட்டையும் யார் பார்த்துக்கொண்டார்கள்? நான் பார்க்கவில்லை.

சந்தன நிறப் புடவையைத் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறும் சூப்பர்வைசர் கூப்பிடுவார், ஷிப்மெண்ட் இல்லாத வாரம் ஏது. வர முடியாது என்று சொல்லப் போகிறேன். ஏனுங்க என்று கேட்டால், தூங்கப் போகணும் என்பேன்.