ஓசூருக்கு ஒரு துணை

10 நவம்பர் 1986, திங்கள்

காலையிலிருந்து தூறல். விடுதிக் கொடியில் போட்ட சேலை மூன்றாம் நாளாகக் காயவில்லை. ஈரத்தோடு கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நாள் முழுக்கக் கால் சில்லிட்டே இருந்தது.

கம்ப்யூட்டர் எம்.எஸ்சி. கடைசி வருடம். இன்று பிரிவுப் படிவம் கொடுத்தார்கள். மூன்று பிரிவு.

1. சிஸ்டம்ஸ். இயந்திரத்தின் உள்வேலை. வேலை கிடைத்தால் பெங்களூர், மெட்ராஸ்.
2. டேட்டா பிராசசிங். சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, வங்கி. எங்கும் வேலை உண்டு என்கிறார்கள்.
3. ஹார்டுவேர். பழுது பார்ப்பது. "பொண்ணுங்க இதைக் குறிக்க வேணாம், ஏணி ஏறணும், லாரியில போவணும்" என்று துறைத் தலைவர் வாயால் சொன்னார். படிவத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"கம்ப்யூட்டருக்கு ஏணி எதுக்குடி?" என்று சாந்தி என் காதுக்குள் கேட்டாள். சிரிப்பை அடக்கப் பேனாவைக் கடித்தேன். நாக்கெல்லாம் மை.

சாந்தி பாப்பாரப்பட்டிக்காரி. அறைத் தோழி. வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். சிஸ்டம்ஸ் குறித்தது நாங்கள் இருவர் மட்டும். கல்லூரியில் இருக்கும் சின்ன இயந்திரங்கள் அந்தப் பாடத்துக்குப் போதாது. சனிக்கிழமைதோறும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் பயிற்சி. காலை பஸ்ஸில் போய் இருட்டிய பின் திரும்ப வேண்டும்.

போன வருடம் என் புரோகிராமில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதை இயந்திரம் கண்டுபிடித்துச் சொன்னது. எல்லோருக்கும் அப்படிச் சொல்லும். திருத்திவிட்டு மேலே போவார்கள். எனக்கு, அது எப்படிக் கண்டுபிடித்தது என்று தெரிய வேண்டியிருந்தது. இன்னும் தெரிய வேண்டியிருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

12 நவம்பர், புதன்

மழை விட்டது. புழுக்கம். சோப்புத் தீர்ந்தது.

சாந்தியின் அண்ணன் வந்தார். வரவேற்பறையில் பத்து நிமிடம். அறைக்கு வந்தவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"தை மாசம் கல்யாணமாம்டி. ஆளு கிருஷ்ணகிரியில மாங்கா மண்டி."

"படிப்பு?"

"பரிச்சைக்கு மட்டும் வந்து எழுதிக்கலாமாம். யாரு வுடுவாங்க?"

அழவில்லை. நான்தான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவளுக்காகவா, எனக்காகவா? நேர்மையாக எழுத வேண்டும் என்றால், எனக்காக.

மூன்று மணிக்குத் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் என் படிவம்.

"ரெண்டு பொண்ணுன்னா அனுப்புவேன்மா. ஒத்தைப் பொண்ணை ஏழு பசங்களோட ஓசூருக்கு அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? பொம்பளைத் துணை இருந்தா சொல்லு. இல்லேன்னா டேட்டா பிராசசிங்ல போட்டுடறேன். திங்கக்கிழமைக்குள்ள."

"சரிங்க சார்."

எதற்குச் 'சரி' சொன்னேன் என்று வெளியே வந்த பின்தான் யோசித்தேன்.

13 நவம்பர், வியாழன்

மீதி மூன்று பெண்களைக் கேட்க வேண்டும். வாக்கியத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

காலை: மூவரும் சேர்ந்து இருந்தார்கள். கேட்கவில்லை.

மதியம்: சாப்பாட்டில் புழு என்று ஒரே சத்தம். கேட்கவில்லை.

மாலை: குழாயடியில் விஜயா தனியாக இருந்தாள். ஓசூர்ப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம். அவளுக்கு ஓசூர் புதிதில்லை. கேட்டுவிட்டேன். மனப்பாடம் செய்த வாக்கியம் பாதிதான் வந்தது.

"அய்யோ, நான் பேங்க் பரிச்சை எழுதப்போறவ. எனக்கு எதுக்குடி அந்தத் தலைவலி? நீயும் இங்கயே இரு. நாலு பேரும் ஒண்ணா இருக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னாள். வாளி நிரம்பி வழிவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மற்ற இரண்டு பேரைக் கேட்கவே இல்லை. மூன்று பேரையும் கேட்டுப் பார்த்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

15 நவம்பர், சனி. கடத்தூர்

வீட்டுக்கு வந்தேன். ஊரெல்லாம் ராகி அறுப்பு. அம்மாவின் இடது விரலில் அரிவாள் வெட்டு. மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தாள். அந்தக் கையோடு களி கிண்டினாள். நான் கிண்டுகிறேன் என்றதற்கு, "கட்டி தட்டிப்புடும், தள்ளு."

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில். கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார்.

வந்த காரணத்தைச் சொல்லவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும் வழியில் அம்மா: "மொகம் ஏன் செத்துக் கெடக்குது?"

சொன்னேன். பிரிவு, பாடம் எல்லாம் விட்டுவிட்டேன். படிக்க ஓசூர் போக வேண்டும், ஒற்றைப் பெண்ணை அனுப்ப மாட்டார்கள், இவ்வளவுதான்.

"ரெண்டு பொம்பளைன்னாங்களா, ரெண்டு படிக்கிற பொம்பளைன்னாங்களா?"

"பொம்பளைத் துணைன்னாரு."

"அப்ப நான் யாரு, ஆம்பளையா?"

"அறுப்பு இருக்குதேம்மா."

"ஒரு சனிக்கெழம நான் போவலன்னா ராகி எங்கயும் ஓடிப் போவாது."

கூட வந்த பக்கத்து வீட்டு செலின் அக்கா சிரித்தார். "ஏன் அக்கா, கடைசியில உனக்கும் டிகிரி குடுப்பாங்களா?"

"குடுத்தா வாங்கிக்கறேன். அடுப்புக்கு மேல மாட்டி வெப்பேன்."

சந்தோஷமாக இருந்தது. அடியில் இன்னொன்றும் இருந்தது. அம்மாவிடம் கிழியாத சேலை எது என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.

17 நவம்பர், திங்கள்

அம்மா என்னோடு முதல் பஸ்ஸில் வந்தாள். துறைத் தலைவர் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வாரா வாரம் வர முடியுமாம்மா?"

"வருவேனுங்க."

"அங்க அஞ்சு மணி நேரம் சும்மா உக்காரணும்."

"சும்மா உக்கார்றதுக்கு என்னாங்க, நல்லதுதானுங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதி வாங்கிக்கொண்டார். பெருவிரல் ரேகை. வெளியே வந்ததும் அம்மா மைவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். வராந்தாவில் நின்ற பையன்கள் பார்த்தார்கள். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

சாந்தியின் கட்டில் காலி. அவள் போர்வையை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள்.

22 நவம்பர், சனி

ஓசூர் போய் வந்தாயிற்று. எழுத முடியவில்லை.

23 நவம்பர், ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் விலகி வந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நேற்று ஓசூரில் நல்ல மழை, குளிர். தொழிற்சாலை வாசலில் காவலாளி அம்மாவை மட்டும் நிறுத்தி, "யாரம்மா பேக்கு?" என்று யார் வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டார். உடன் வந்த விரிவுரையாளர் ஏதோ சொன்ன பிறகு உள்ளே விட்டார்.

கம்ப்யூட்டர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். தூசி ஆகாது என்பதால் செருப்பை வெளியே விட வேண்டும். அம்மா வெளியே, செருப்பு வரிசைக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையன்களில் ஒருவன், "சிஸ்டம்ஸ்ல ஒம்பதாவது ஸ்டூடண்ட்டா" என்றான். இன்னொருவன், "ஹார்டுவேர்டா" என்றான். அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

உள்ளே ஐஸ் மாதிரி குளிர். பச்சை எழுத்து. அடைப்புக்குறி எண்ணும் புரோகிராம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். திறப்பது ஒவ்வொன்றுக்கும் மூடுவது இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை ஓடியது. நானே வேண்டுமென்றே ஒரு குறியை எடுத்துவிட்டேன். சரியாக அந்த வரியைக் காட்டியது. ஒரு வருடமாகத் தெரிய வேண்டியிருந்தது தெரிந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திரும்பினேன்.

அந்த அறையின் ஆபரேட்டர் கதவைப் பாதி திறந்து நின்றிருந்தார். வெளியே தரையெல்லாம் செருப்புச் சேறு.

"புதுசா வந்த ஆயாவா நீ? பாத்துட்டுச் சும்மா உக்காந்திருக்கற? பாரு எவ்ளோ தண்ணின்னு. பக்கெட் அங்க இருக்குது, தொடை."

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக, நேராக.

நான் எழுந்து நாலு எட்டு வைத்திருக்கலாம். இருந்த இடத்திலிருந்தே 'எங்க அம்மா' என்று சொல்லியிருக்கலாம். ஏழு பையன்கள், விரிவுரையாளர், ஆபரேட்டர். நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி பார்த்தபோது அம்மா குத்துக்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெட்டுக்காயத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகியிருந்தாள். செருப்புகளை எல்லாம் எடுத்து, சோடி சோடியாக, சுவரோரம் வைத்தாள். என்னுடையதையும்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கையில் பினாயில் வாடை. அம்மா சொன்னது ஒன்றே ஒன்று.

"அந்த ரூமு என்னா சில்லுனு இருக்குது. அடுத்த வாரம் சொட்டரு எடுத்துட்டு வா."

25 நவம்பர், செவ்வாய்

மேகமூட்டம். காலை வகுப்புகள் காதில் ஏறவில்லை.

மதியம் துறைத் தலைவர் அறைக்குப் போனேன். இந்த முறை கூப்பிடாமலே.

"டேட்டா பிராசசிங் மாத்திக்கறேன் சார்."

"அன்னைக்கு உங்கம்மா அவ்வளவு தூரம் வந்து கைநாட்டு வெச்சாங்களேம்மா?"

"அவங்களுக்கு உடம்பு முடியலைங்க."

பொய் சுலபமாக வந்தது. உண்மைக்குத்தான் எனக்கு வாய் வருவதில்லை.

"யோசிச்சுக்க. வெள்ளிக்கிழமை பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவுது. போனா போனதுதான், மாத்த முடியாது."

யோசிப்பது போல் கொஞ்சம் நின்றேன். கையெழுத்துப் போட்டேன். அம்மாவை இனி அங்கே அழைத்துப் போக வேண்டாம், அதற்காகத்தான் என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டேன். படி முடிவதற்குள் அதுவும் பொய்யாகிவிட்டது. அம்மாவை நான் பார்க்க வேண்டியிராது. அம்மா என்னைப் பார்க்க மாட்டாள். அவ்வளவுதான் காரணம்.

27 நவம்பர், வியாழன்

இன்லண்ட் கடிதம் ஒன்று எழுதினேன். 'சனிக்கிழமை வர வேண்டாம்.' ஒட்டிய பிறகுதான் நினைவு வந்தது, வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. செலின் அக்காதான் வாசித்துக் காட்டுவார். வாசித்துவிட்டு ஏன் என்று கேட்பார். அம்மா ஏதோ ஒன்று சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

போடவில்லை. புத்தகத்துக்குள் இருக்கிறது.

29 நவம்பர், சனி

நல்ல வெயில். எட்டரைக்கே பஸ் நிலையம் போய்விட்டேன், அம்மாவை இறங்கும் இடத்திலேயே நிறுத்திவிடலாம் என்று. அதற்கு முன்பே வந்திருக்கிறாள். ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டு போட்டு வைத்திருந்தாள். சலவைச் சேலை. தலையில் எண்ணெய். என்னைக் கண்டதும் கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

"ஏறு கண்ணு. பசங்களுக்கும் ரெண்டு எடம் சொல்லி வெச்சிருக்கறேன்."

"எறங்கும்மா."

"ஏன், லீவா?"

டீக்கடை ஓரம் கூட்டிப் போய்ச் சொன்னேன். பிரிவு மாற்றிவிட்டேன், இனி ஓசூர் இல்லை. காரணம் சொல்லவில்லை. அம்மா கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அன்னைக்கு நான் தரை தொடைச்சதுக்கா?"

நான் டீ ஆற்றுபவரைப் பார்த்தேன்.

"நீ படிக்கற எடம், மொறச்சுக்கக் கூடாதுன்னு தொடைச்சுட்டேன் கண்ணு. உனக்கு அது கௌரவக் கொறச்சல்னு எனக்குத் தோணல. இனிமே தொடை தொடைன்னாலும் தொடைக்க மாட்டேன்னு சொல்லு. சும்மாவே உக்காந்துக்கறேன். வா, போய்ச் சொல்லலாம்."

ஓசூர் பஸ் கிளம்பியது. பையன்கள் ஜன்னலில் இருந்து பார்த்தார்கள்.

கல்லூரி அலுவலகம் சனிக்கிழமை அரை நாள். துறைத் தலைவர் வரவில்லை. எழுத்தர் மட்டும். பட்டியல் நேற்றே ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது என்றார். ரசீதைக் காட்டினார். அம்மா ரசீதை வாங்கி, தலைகீழாகவோ நேராகவோ, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவரைக் கும்பிட்டாள்.

"தப்பு எம்மேலதானுங்க. புள்ள மேல ஒண்ணும் இல்லீங்க."

"இல்லைங்க. என் தப்புங்க. இவங்க எங்க அம்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அந்த அறையில் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுத்தர் நிமிர்ந்து, "அது தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தப் போய்விட்டார்.

கடத்தூர் பஸ் ஏற்றிவிட்டேன். கிளம்பும்போது அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"இப்ப சேந்திருக்கற படிப்புக்குத் தொணைக்கு ஆள் வேணுமா?"

"வேணாம்மா."

"அப்ப சரி" என்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.