96 சதவீதம் மகிழ்ச்சி

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸில் புது உத்தரவு. இதுவரை யாரோ எங்கேயோ எடுத்த வீடியோக்களைப் பார்த்து, இது கல்யாணம், இது சண்டை, இவர் முகத்தில் கோபம் என்று குறித்துக் கொடுத்தோம். அதை வைத்து ஏ.ஐ. மெஷின் படித்துக்கொள்ளும். இனி ஆம்பூர்ப் பக்கத்து வாழ்க்கையும் அதற்குத் தெரிய வேண்டுமாம். சொந்த போனிலிருந்து ஆளுக்குப் பத்து வீடியோ கேட்கிறார் டீம் லீடர் பிரேம்நாத். என்னிடம் ஒன்பதுதான் தேறியது. பத்தாவதாக அப்பாவின் சாவு ஊர்வலத்தைக் கொடுத்துவிட்டேன். தம்பி அருணகிரி பாடைக்கு முன்னால் ஆடுவது. அவனைக் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தோல் பதனிடும் ஷெட் வீடியோ மட்டும் பதினெட்டு பார்த்தேன். நாற்றம் என்று குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

அப்பாவின் வீடியோ என் ஸ்கிரீனுக்கே வந்தது. மெஷின் முதலிலேயே ஊகித்து வைத்திருக்கிறது: திருவிழா. தம்பி முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் — மகிழ்ச்சி, 96 சதவீதம். சீ! தெருமுனையிலிருந்து சுடுகாடு வரை மேளத்துக்கு ஆடினான் அவன். பல் தெரிகிறது, வாஸ்தவம்தான். வாய்விட்டு அழாமலிருக்கக் கடித்துக்கொண்டிருந்த பல் அது.

சாவு, துக்கம் என்று மாற்றினேன். மூன்று பேர் குறித்தால் இரண்டு பேர் சொல்வதுதான் நிற்கும். சாயங்காலம் பார்த்தால் மற்ற இரண்டு பேரும் மகிழ்ச்சிக்கே ஓகே கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி ஜாஸ்மின். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு மாலை போட்டவள்!

"தெரியும் மேகலா. ஆட்டம் இருந்தா சந்தோஷம்னுதான ரூல்ல போட்டிருக்கு? மாத்தி வச்சா நம்ம மார்க்கு கம்மியாவும். எதுக்கு பேஜாரு?"

தூ. இவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

இந்த மெஷினை வைத்து ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மா வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வந்தார். உங்கள் ஊர் வழக்கத்தில் எங்கள் விதிகள் எங்கேயாவது தப்பாகிறதா என்று அவரே கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "ஒன்றுமில்லை மேடம், எல்லாம் ஒத்துப்போகிறது" என்றார் பிரேம்நாத். பிறகு என்னைப் பார்த்தார்.

நானும் ஆமாம் மேடம் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன? ஜாஸ்மினைப் பார்த்துத் துப்பினேனே, நான் மட்டும் யோக்கியமா?

ஜூன் 26, வியாழன்

நான் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸைக் கொடுக்கத் தம்பி ஆபீஸுக்கு வந்தான். சரியான பதில்களுக்கு மாதிரி என்று பிரேம்நாத் அந்த வீடியோவைச் சுவரிலிருக்கும் பெரிய டிவியில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவன் முகம். பச்சைக் கட்டம்.

ரொம்ப நேரம் பார்த்தான்.

"அக்கா, அன்னிக்கி நான் சிரிச்சனா?"

ஜூன் 27, வெள்ளி

அந்த அம்மாவுக்கு மெயில் போட்டுவிட்டேன். அது சாவு, ஆடுகிறவன் மகன், பொய் சொன்னது நான். பிரேம்நாத் ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். வேலை போனால் போகட்டும்.

ஜூலை 2, புதன்

பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கிறார். விதியை மாற்றுகிறார்களாம், வீடியோவை அழித்துவிட்டார்களாம். தம்பிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"அப்போ அந்த மெஷினு மறந்துடுமாக்கா?"

அதற்கும் ஒரு வரி எழுதியிருக்கிறார். மெஷின் ஏற்கெனவே படித்துக்கொண்டதை மட்டும் எடுக்க முடியாதாம். அந்த வரியை அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.