சம்பந்தியின் கட்டிலுக்கு என் அளவு

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு.

என் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியிலிருந்து கல் ஏற்றி ஓட்டிய பத்துச் சக்கர லாரியை மகன் குமார் வீடாக மாற்றுகிறான். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கட்டில் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு லடாக் வரை போவார்களாம்.

காலையில் வந்து, "கட்டிலுக்கு அளவு எடுக்கணும்மா, ஷெட்டுக்கு வா" என்றான். என்னையும் கூட்டிப்போகிறான் என்றே நினைத்தேன். கஞ்சி போட்ட நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு ஜூஜுவாடியில் இருக்கும் ஷெட்டுக்குப் போனேன். லாரிக்குள் ஏறி, கிடத்தியிருந்த பலகைமேல் மல்லாந்து படுத்தேன்.

கன்னடக்காரத் தச்சர் சாக்பீஸோடு குனிந்தார். "அஜ்ஜி, இந்த வயசுல லடாக்கா? குளிர்ல வெறைச்சுப் போயிருவீங்க."

"அவங்க வரல. இது எங்க மாமியாருக்கு. ரெண்டு பேரும் ஒரே உயரம்" என்றான் குமார். நான் படுத்திருக்கும்போதே சொன்னான்.

அவன் கல்யாணத்தில், மாப்பிள்ளையைப் பெற்ற எனக்கு மூன்றாவது பந்தியில் இலை போட்டவள் அந்தச் சம்பந்தி. அப்பளம்கூடத் தீர்ந்து போயிருந்தது.

மொடமொடத்த புடவைக்குள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டேன். தச்சர் என் குதிகாலை ஒட்டிக் கோடு போட்டார்.

"அவ்ளோதானா அஜ்ஜி?"

"அவ்ளோதான்" என்றேன்.

சாயங்காலமே பலகையை அறுத்துவிட்டார்களாம். லடாக் போய்த் திரும்பும்வரை அவள் முடங்கியே படுக்கட்டும்.

இங்கே காலை நீட்டிப் படுத்தும் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.