ஓய்வுக் கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

சபையில் பாட்டு நடத்தும் வேலை அப்படியே போகிறது. போன வாரம் லேசாகத் தொண்டை கட்டியது. எங்கள் பாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, ரொம்ப களைச்சுப் போயிட்டீங்க. ஊழியக்காரங்களுக்கு ஓய்வைப் பத்தி ஒரு கூட்டம் வைப்போம், சனிக்கிழமை முழுநாள். பாட்டு, மைக், நாற்காலி எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க" என்றார். என்ன கரிசனம் பாருங்கள்.

புதன்கிழமையே பாட்டுகளை வரிசைப்படுத்தி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கீபோர்டு வாசிக்கும் மகாராஜா மேடையேறிய பிறகு, "முதல் பாட்டு எது பிரதர்?" என்கிறார். பார்க்க நேரமில்லையாம். சட்டையை மொடமொடவென்று தேய்க்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

பாஸ்டர் ஓய்வைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். நான் முன்வரிசையிலேயே தூங்கிவிட்டேன். தோளைத் தட்டி, "முடிவுப் பாட்டு, தம்பி" என்று எழுப்பினார். கூட்டம் பெரிய ஆசீர்வாதமாம், இனி மாதாமாதம் உண்டாம்.

அந்தப் பாட்டோடு குரல் சுத்தமாகப் போயிற்று. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், டாக்டர் சில நாள் பேசாமல் இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். பாஸ்டரிடம் அதை எழுதிக் காட்டினேன். "பேசக்கூடாதுன்னுதானே சொன்னார், பாடக்கூடாதுன்னு சொல்லலையே" என்கிறார்.

ஒரு சின்ன உதவி. துணி மடிக்கும்போது ஏதோ பாடுவீர்களே, அதைப் பதிவு செய்து அனுப்புங்கள். சுருதி எப்படி இருந்தாலும் சரி. நான் எழுந்து நின்று தொடங்கிவைக்க வேண்டாத ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்