உன் யோசனை இப்போது ஓடுகிறது

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது எதையும் பிடிக்காமலே நடக்கிறாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையாடி?" என்று கேட்டாள். மழுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். விஷயம் இருக்கிறது.

நாம் செய்துகொடுத்த மருத்துவமனை மென்பொருளில், நோயாளியின் கோப்பை யார் திறந்தாலும் அவர் பெயர் பதிவாக வேண்டும் அல்லவா? அதற்கான வரிகளை முந்நூறு இடத்தில் கையாலேயே எழுதி வைத்திருந்தோம். அதை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, எங்கெங்கே ஓட வேண்டும் என்று விதி மட்டும் கொடுக்கலாம், ஆஸ்பெக்ட் முறை அதற்குத்தான் என்று நீ கூட்டத்தில் சொன்னாய். "பக்கத்தைப் படிச்சா தெரியாம, எங்கேயோ இருந்து ஓடுறதை எப்படிம்மா நம்புறது?" என்றார் டீம் லீடர். எல்லோரும் சிரித்தார்கள். முந்தின நாள் உன்னிடம் அருமை என்று சொன்ன நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே நீ வேலையை விட்டுக் கடல் தாண்டிப் போய்விட்டாய்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியை அந்த மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்க வந்திருக்கிறாள். அவளுடைய நோய் விவரம் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. என் கோப்பைப் பார்த்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாளாம். எங்களால் சொல்ல முடியவில்லை. ஸ்கேன் அறிக்கைப் பக்கத்தில் பதிவு வரிகளே இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியது நான்.

டீம் லீடரிடம் போய் ஒப்புக்கொண்டேன். உன் முறையைத்தான் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னேன். "முதல்ல ஒரு பகுதியில செஞ்சு காட்டு" என்றார்.

முதல் வாரம் என் விதி அகலமாகிப்போய், மருந்துப் பட்டியல், அறை எண் என்று கண்டதையெல்லாம் பிடித்துக்கொண்டது. திரை திறக்கவே அரை நிமிடம். வரவேற்பறைப் பெண்கள் என்னைப் போனில் வறுத்தெடுத்தார்கள். விதியைக் குறுக்கினேன். எந்த இடத்தில் எது ஓடுகிறது என்று பட்டியல் வரும்படி செய்தேன். ஒரு இடம் விட்டுப்போனாலும் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு டீம் லீடரே விளக்குகிறார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. அதற்கான விளக்க ஆவணத்தின் முதல் வரியில் உன் பெயரைப் போட்டேன். அவர் அழிக்கவில்லை.

அந்த ஆசிரியைக்கு மட்டும் இதனால் ஒரு பயனும் இல்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. லீவில் வந்தால் ஹோட்டல் எடுக்காதே, நேராக வீட்டுக்கு வா. திட்ட வேண்டியதையெல்லாம் நேரிலேயே திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உன்
பக்கத்து நாற்காலிக்காரி